அடுப்பேறாத இனிப்பும் அதன் விலையும்

தலைநகரின் கடைத்தெருக்களில் அண்மைக் காலமாக ஒரு புதுவகை இனிப்பு விலைக்கு வருகிறது. அதில் பால் இல்லை, நெய் இல்லை, தேனும் இல்லை. அதைச் செய்ய அடுப்பு மூட்டுவதும் இல்லை. இயற்கை வேளாண்மையில் விளைந்த பண்டங்களால் மட்டுமே செய்யப்பட்டது என்று அதன் மேலுறை கூறுகிறது. ஒரு துண்டின் விலையோ, ஒருவர் வயிறார உண்ணும் சாப்பாட்டின் விலையை மிஞ்சுகிறது. பம்பாயிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களும் இத்தகைய இனிப்பைக் கண்டிருக்கக்கூடும்.

சென்ற மார்கழியில் இவ்வினிப்பு நம் இல்லத்திலேயே ஒரு சிறு சங்கடத்தை விளைவித்தது. வெளியூரில் பயிலும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். பாலும் நெய்யும் இனி உண்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அவள் பிறந்தநாளுக்கென்று பாட்டி காலையிலேயே காய்ச்சி வைத்த பால் பாயசம் தொடப்படாமல் இருந்தது. "என் கைப் பாயசம் உனக்கு ஆகாமல் போயிற்றா?" என்று பாட்டிக்கு வருத்தம். பாட்டியை வருந்தச் செய்தோமே என்று பேத்திக்கு வருத்தம். மாற்றாகக் கடையிலிருந்து வருவித்த இனிப்பின் விலைச்சீட்டைக் கண்டபோது நமக்கும் வருத்தம். இம்மூன்று வருத்தங்களையும் தீர்க்க வழியுண்டா என்று ஆராய்ந்ததில் நாம் அறிந்தவற்றை இங்கே கூறுகிறோம்.

சொல்லும் பொருளும்

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, எதையும் சொல்லின் பொருளிலிருந்து தொடங்குவது வழக்கம். 'வீகன்' என்னும் ஆங்கிலச் சொல் 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தது. புலால் உண்ணாமையோடு பால், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கியவர்கள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்தபோது, டொனால்ட் வாட்சன் என்பவரும் அவர் தோழர்களும் இப்பெயரைச் சூட்டிக்கொண்டனர். தமிழில் இதனை 'நனிசைவம்' என்கின்றனர். நம் நாட்டு உணவுத் தர ஆணையம் இத்தகைய உணவுக்கென 2022-ஆம் ஆண்டில் விதிகளை வெளியிட்டு, தனி முத்திரையும் வகுத்திருக்கிறது.

'சமைக்காத உணவு' என்பது வேறொரு கொள்கை. சுமார் 45 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு மேல் எப்பண்டத்தையும் சூடாக்கலாகாது என்பது அதைப் பின்பற்றுவோரின் நெறி. இந்த எல்லையைச் சிலர் சற்று ஏற்றியும் சிலர் சற்று இறக்கியும் கூறுவர். 'இயற்கை வேளாண்மை விளைவு' என்பது மூன்றாவது கொள்கை. அது உண்ணும் முறையைப் பற்றியதன்று. விளைவிக்கும் முறையைப் பற்றியது. இம்மூன்றும் தனித்தனியானவை. கடைக்காரர் மூன்றையும் ஒரே உறையில் பொதிந்து, மூன்றுக்கும் சேர்த்து விலை வைக்கிறார். வாங்குவோருக்கு உண்மையில் வேண்டியது எது என்று பிரித்தறிந்தாலே செலவில் ஒரு பகுதி குறைந்துவிடும்.

இக்கொள்கைகள் நம் நாட்டுக்கு முற்றிலும் புதியன அல்ல. காந்தியடிகள் 1912-ஆம் ஆண்டில் பாலை விட்டார். பின்னர்க் கடும் நோயுற்றபோது ஆட்டுப்பாலுக்கு இணங்கினார்; அவ்வாறு இணங்கியது அவர் மனத்தைப் பிற்காலத்திலும் உறுத்தியது. 1929-இல் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்தார். முளைவிட்ட கோதுமை, அரைத்த வாதுமை, பச்சைக் கீரை, எலுமிச்சை முதலியன அவர் உணவாயின. உடல் தாளாமையால் சில மாதங்களில் அச்சோதனையைக் கைவிட்டார். கொள்கையில் அவர் காட்டிய உறுதியைப் போலவே, பலிக்காததைப் பலிக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட நேர்மையும் நமக்குப் பாடமாகும்.

இனிப்பு உறைவது எவ்வாறு?

கடையில் விற்கும் இனிப்பின் செய்முறை எளியது. வாதுமைப் பருப்பையும் விதை நீக்கிய பேரீச்சம்பழத்தையும் அரைத்து அடித்தளமாக அழுத்துகிறார்கள். முந்திரிப்பருப்பை நான்கைந்து மணி நேரம் நீரில் ஊறவைத்து, வெண்ணெய் போல் அரைத்து, தேங்காயெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து அதன்மேல் ஊற்றுகிறார்கள். பின்னர்க் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெட்டியாகிவிடுகிறது.

நெருப்பின்றி அது கெட்டியாவதன் காரணத்தை வடநாட்டில் வாழும் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. தை மாதக் குளிரில் தேங்காயெண்ணெய்ப் புட்டி கல்லாக உறைந்து, தலைக்கு எண்ணெய் வைக்குமுன் அதை வெயிலில் வைத்துக் காத்திருக்கிறோம் அல்லவா? ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழ் தேங்காயெண்ணெய் உறையும்; அதற்கு மேல் உருகும். இந்த இயல்பே அவ்வினிப்பின் இரகசியம். மே மாத வெப்பத்தில் வெளியே வைத்தால் அது குழைந்துவிடுவதும் இதனாலேயே.

இனி ஓர் உண்மையையும் கூற வேண்டும். கடையில் 'பச்சை முந்திரி' என்று விற்பது உண்மையில் பச்சையானதன்று. முந்திரிக்கொட்டையின் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் உண்டு. ஆதலால் கொட்டைகளை ஆவியில் வேகவைத்தோ வறுத்தோதான் பொதுவாக உடைக்கிறார்கள். வெல்லம் கருப்பஞ்சாற்றைக் கொதிக்க வைத்துப் பெறுவது. அவலும் நெல்லை ஊறவைத்துச் சூடேற்றி இடித்ததே. ஆகவே 'முற்றிலும் சமைக்காதது' என்னும் சொல்லுக்கென்று கூடுதல் விலை கேட்டால், அதைச் சற்றே ஐயத்தோடு நோக்குவது தகும்.

நம் பாட்டிமார் அறிந்தவை

அடுப்பேறாத இனிப்பு நம்மவர்க்குப் பழையது. பழனிப் பஞ்சாமிர்தத்தை எண்ணிப் பாருங்கள். வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய், ஏலம் ஆகியவற்றை ஒரு சொட்டு நீரும் சேர்க்காமல் பிசைந்து செய்வது அது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே முறையில் நெய்யையும் தேனையும் விடுத்து, பழத்தையும் பேரீச்சையையும் சற்றுக் கூட்டிப் பிசைந்தால் நனிசைவ இனிப்பு ஆயிற்று. கோயிற் பிரசாதத்தின் மரபு வேறு. வீட்டில் உண்ணும் பண்டத்தில் இம்மாற்றத்தைச் செய்துகொள்வதில் தவறில்லை.

ஆடிப்பெருக்கன்று காவிரிக்குப் படைக்கும் காப்பரிசியிலும் அடுப்பில் ஏற்றிக் கிளறும் வேலை இல்லை. ஊறவைத்து நீர் வடித்த பச்சரிசியில் வெல்லம், தேங்காய்ச் சில், எள், பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கலந்தால் போதும். இராம நவமிப் பானகம் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம் ஆகியவற்றாலானது. அதில் பாலுக்கு இடமே இல்லை. இவற்றில் வெல்லம் இருப்பதால் கண்டிப்பான 'சமைக்காத உணவு' நெறியினர் ஏற்கமாட்டார்கள். ஆயினும் நனிசைவத்துக்கு இவை முழுதும் பொருந்தும். நம் இல்லத்து மகளும் பாலைத்தான் விலக்கினாள், அடுப்பை விலக்கவில்லை.

இயற்கை விளைபொருளின் விலை ஏன் மிகுதி?

இயற்கை வேளாண்மையைப் பற்றி இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். அதன் மூலவர்களுள் ஒருவரான ஆல்பர்ட் ஹோவர்டு 1905-இல் பீஹாரிலுள்ள பூசாவுக்கு அரசு ஆராய்ச்சியாளராக வந்தவர். பின்னர் 1924 முதல் இந்தூரில் பணியாற்றி, இந்நாட்டு உழவர்களின் முறைகளைக் கண்டு, குப்பையையும் சாணத்தையும் எருவாக்கும் 'இந்தூர் முறை'யை வகுத்தார். தமிழகத்தில் கோ. நம்மாழ்வார் 1969-இல் அரசு ஆராய்ச்சி நிலையப் பணியைத் துறந்து, 2013-இல் மறையும் வரை இயற்கை வேளாண்மையை ஊர் ஊராகச் சென்று பரப்பினார்.

எருவும் சாணமும் மலிவாயிற்றே, விளைபொருள் மட்டும் ஏன் விலை கூடுகிறது என்று கேட்கலாம். முதற் காரணம் காத்திருப்பு. இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் நிறுத்திய உழவர் உடனே 'இயற்கை விளைவு' என்று விற்க முடியாது. 2001-இல் நடைமுறைக்கு வந்த தேசியத் திட்டத்தின்படி, ஓராண்டுப் பயிர்களுக்குப் பொதுவாக இரண்டாண்டும், மரப்பயிர்களுக்கு மூன்றாண்டும் நிலம் மாறுதற் காலத்தில் இருக்க வேண்டும். அக்காலத்தில் விளைச்சல் பெரும்பாலும் குறையும்; விலையோ கூடாது. அந்த இழப்பைப் பின்னர் வரும் விலையிலிருந்துதான் அவர் ஈடுகட்ட வேண்டும்.

இரண்டாவது காரணம் சான்று. தனி நிறுவனத்தார் நிலத்துக்கு வந்து பார்த்து, ஏடுகளைச் சரிபார்த்துச் சான்றளிப்பதற்குக் கட்டணம் உண்டு. சிறு உழவர்கள் இதைத் தாங்க மாட்டாமையால், 'பி.ஜி.எஸ். இந்தியா' என்னும் மற்றொரு முறை 2011-இல் ஏற்பட்டது. இதில் ஒரே வட்டாரத்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதியளிக்கிறார்கள். செலவு மிகக் குறைவு. இவ்விரு முறைகளில் ஒன்றால் சான்று பெற்ற பொருளில் 'ஜைவிக் பாரத்' என்னும் பொது முத்திரை இருக்கும். சிறு உழவர் தம் விளைவை நேரே வாங்குவோரிடம் விற்பதானால் சான்றில்லாமலும் விற்க விதி இடமளிக்கிறது. ஆனால் அம்முத்திரையை அவர் இடலாகாது. உறையில் 'இயற்கை', 'தூய', 'கிராமத்து' என்னும் சொற்கள் மட்டும் இருந்து முத்திரை இல்லையேல், அச்சொற்களுக்காக மிகை விலை கொடுப்பது வீண்.

மூன்றாவது காரணம் வாணிபம். சிறு அளவில் விளைவதைத் தனியே சேமித்து, மற்றதோடு கலவாமல் நெடுந்தொலைவு அனுப்புவதில் செலவு மிகும். பெருநகரக் கடையின் வாடகையும் அதிலே சேர்ந்துகொள்ளும். இந்த மூன்றாவது பகுதியால் உழவருக்கு ஒரு பயனும் இல்லை.

காசர்கோடு கற்பிக்கும் பாடம்

இத்தனைச் செலவு எதற்கு, இது செல்வர்களின் பொழுதுபோக்கே என்று கூறுவாரும் உளர். அவர்கள் கேரளத்தின் வடகோடியிலுள்ள காசர்கோட்டை நினைக்க வேண்டும். அங்குள்ள முந்திரித் தோட்டங்களின்மேல் 1970-களின் இறுதி முதல் 2000-ஆம் ஆண்டு வரை 'எண்டோசல்பான்' என்னும் பூச்சிமருந்தை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தனர். குன்றின்மேல் தெளித்த மருந்து சரிவிலிருந்த வீடுகளிலும் கிணறுகளிலும் படிந்தது. சுற்றுப்புற ஊர்களில் குறைபாடுகளோடு குழந்தைகள் பிறந்ததையும் பலர் தீரா நோயுற்றதையும் நாடு கண்டது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அம்மருந்தைத் தடை செய்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்ச ரூபாய் வழங்குமாறு 2017-இல் ஆணையிட்டது.

முந்திரிப்பருப்பை உண்டவர்கள் எங்கோ இருந்தார்கள்; துன்புற்றவர்கள் தோட்டத்தின் அருகே இருந்தார்கள். இயற்கை விளைபொருளில் பூச்சிமருந்தின் எச்சம் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் சத்து மிக அதிகம் என்பது அவ்வாறு உறுதிப்படவில்லை. எனவே அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலையை நம் உடலுக்கான மருந்துச் செலவாகக் கருதுவதைவிட, நிலத்தில் உழைப்பவருக்கும் அருகே வாழ்பவருக்கும் நாம் செலுத்தும் கடனாகக் கருதுவதே பொருந்தும்.

ஒரு கணக்கு

அக்கடனை நடுத்தரக் குடும்பத்தார் எவ்வாறு செலுத்துவது? நம் வீட்டுக் குறிப்பேட்டிலிருந்து ஒரு கணக்கைக் காட்டுகிறோம். ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் விலை மாறும். விகிதத்தை மட்டும் நோக்குக.

கடை இனிப்பை வீட்டில் செய்ய முந்திரி 300 கிராம், வாதுமை 150 கிராம், பேரீச்சை 250 கிராம், தேங்காயெண்ணெய் 60 மில்லி லிட்டர் வேண்டும். சாதாரணப் பண்டங்களாக வாங்கியபோது முந்திரிக்கு 300 ரூபாயும், வாதுமைக்கு 135 ரூபாயும், பேரீச்சைக்கு 100 ரூபாயும், எண்ணெய்க்கு 27 ரூபாயும் ஆக 562 ரூபாய் ஆயிற்று. இவற்றையே முத்திரையுள்ள இயற்கை விளைபொருளாக வாங்கினால் 844 ரூபாய். வித்தியாசம் 282 ரூபாய்.

அடுத்து, எள்ளும் பேரீச்சையும் தேங்காயும் சேர்ந்த உருண்டை. எள் 250 கிராம், பேரீச்சை 200 கிராம், தேங்காய் ஒன்று, சிறிது ஏலம். சாதாரணப் பண்டங்களால் சுமார் 200 ரூபாய். எல்லாம் இயற்கை விளைபொருளாயின் சுமார் 305 ரூபாய். உருண்டையின் எடை சற்றுக் குறைவு. எடையைச் சமன் செய்து பார்த்தாலும் 360 ரூபாயைத் தாண்டவில்லை. அதாவது, முத்திரையுள்ள எள்ளுருண்டை, முத்திரையில்லாத முந்திரி இனிப்பைவிட 200 ரூபாய் குறைவு.

இக்கணக்கு கூறுவது ஒன்றே. செலவை ஏற்றுவது முத்திரையைவிடப் பண்டமே. முந்திரியைப் பிடித்துக்கொண்டு முத்திரையை விடுவதைவிட, முந்திரியை விட்டு எள்ளையோ வேர்க்கடலையையோ தேங்காயையோ கைக்கொண்டால், உழவருக்கு நேர்மையான விலையும் கொடுக்கலாம். வீட்டுச் செலவும் கட்டுக்குள் நிற்கும். அன்றியும் எல்லாவற்றையும் முத்திரையோடு வாங்க இயலாதபோது, தோலோடு உண்ணும் திராட்சை போன்றவற்றுக்கு முதலிடம் தரலாம். தடித்த மட்டையும் ஓடும் உள்ள தேங்காயையும், தோலுரித்து உண்ணும் வாழைப்பழத்தையும் சாதாரணமாக வாங்கலாம்.

செய்முறை இரண்டு

எள்ளுருண்டைக்கு வெள்ளெள்ளை நான்கு மணி நேரம் ஊறவைத்து, கையால் தேய்த்துத் தோலைக் களைந்து, நிழலில் நன்றாக உலர்த்திக்கொள்ள வேண்டும். வறுக்காத எள்ளில் சிறு கசப்பு உண்டு. தோல் நீங்கினால் அது பெரிதும் குறையும். உலர்ந்த எள்ளை மிக்சியில் விட்டு விட்டு அரைத்தால் எண்ணெய் விடத் தொடங்கும். அப்போது விதை நீக்கிய பேரீச்சையையும் ஏலப்பொடியையும் சேர்த்து மீண்டும் அரைத்து, தேங்காய்த் துருவலோடு பிசைந்து உருட்டலாம். பச்சைத் தேங்காய் சேர்த்ததை அன்றே உண்டுவிட வேண்டும். நாலைந்து நாள் வைத்திருக்க வேண்டுமானால் கொப்பரைத் துருவலே தக்கது. அது வெயிலில் உலர்ந்ததாயின் சமைக்காத உணவு நெறிக்கும் பொருந்தும்.

மற்றொன்று இன்னும் எளியது. நன்கு கனிந்த வாழைப்பழங்களை வில்லைகளாக நறுக்கி, ஓரிரவு உறையவைத்து, மறுநாள் மிக்சியில் அடித்தால் ஐஸ்கிரீம் போலவே மென்மையாக வரும். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். ஜல்கானிலும் ஹாஜிப்பூரிலும் வாழை மிகுதியாக விளைவதால், மராட்டியத்திலும் பீஹாரிலும் வாழ்வோர்க்கு இது கைக்கெட்டிய இனிப்பு.

அந்தந்த ஊரில் மலிந்ததைக் கொண்டு செய்வதே சிக்கனம். மராட்டியத்தில் வாழ்வோர்க்கு நாசிக், சாங்லி வட்டாரங்களின் உலர்திராட்சை பேரீச்சைக்கு மாற்றாகும். குஜராத்தில் கோடையின் இறுதியில் கச்சுப் பகுதியின் பச்சைப் பேரீச்சை வரும். எள்ளும் வேர்க்கடலையும் அங்கு மிகுதி. கருநாடகத்தில் திப்டூர்க் கொப்பரை பெயர் பெற்றது. வட மாநிலங்களில் மகர சங்கராந்தியை ஒட்டி எள் ஏராளமாக வரும். ஆண்டுக்கு வேண்டியதை அப்போதே வாங்கிவைக்கலாம்.

எச்சரிக்கை சில

நெருப்பு கிருமியைக் கொல்லும்; நெருப்பில்லாத சமையலில் அந்தக் காவல் இல்லை. ஆதலால் கையும் கலமும் மிகத் தூய்மையாக இருத்தல் வேண்டும். ஊறவைத்த பருப்பைக் கோடையில் குளிர்சாதனப் பெட்டியில்தான் ஊறவைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த, சுருங்கிய வேர்க்கடலையைக் கண்டிப்பாக நீக்க வேண்டும். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கக்கூடும். பேரீச்சையின் இனிப்பும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளோர் அளவறிந்து உண்க. பாலை முழுதும் விலக்குவோர்க்கு வைட்டமின் 'பி-12' குறைவுபடும். எந்த இனிப்பும் அதை ஈடுசெய்யாது. மருத்துவரைக் கலந்து அதற்கு வழி செய்துகொள்ள வேண்டும்.

நம் இல்லத்துச் செய்தியைக் கூறி முடிக்கிறோம். பிறந்தநாளுக்கு மறுநாள், பாட்டி தாமே எள்ளை ஊறவைத்துத் தேய்க்க உட்கார்ந்தார். உருண்டை பிடிக்கும் பக்குவத்தைப் பேத்தி அருகிருந்து கற்றுக்கொண்டாள். "இதைத்தானா அந்தக் கடையில் அத்தனை விலைக்கு விற்கிறான்?" என்று பாட்டி வியந்தார். கொள்கையால் பிரிந்திருந்த பந்தியில் இருவரும் ஒருங்கே அமர ஒரு பிடி எள் போதுமானதாயிற்று. விடுமுறை முடிந்து மகள் புறப்பட்டபோது, அவள் பெட்டியில் கொப்பரை சேர்த்த உருண்டைகள் இரண்டு டப்பா இருந்தன.